பூனாத் திரைப்படக் கல்லூரியும் நெய்யாற்றின்கரையும்

பாரத நாட்டின் தேசியத் திரைப்படக் கல்லூரி பூனா நகரில் 1960ஆம் ஆண்டு தோன்றியது. அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவ்வாண்டிலிருந்தே தொடங்குவர். ஆரியங்கோட்டுப் பகுதியில் வாழும் தமிழராகிய நாமோ, அதற்கும் முப்பதாண்டுகட்கு முன்னர், நம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலிருந்தே தொடங்க வேண்டியவர்களாயிருக்கிறோம். இத்தொழிலைக் கற்பிக்க ஒரு கல்லூரி இல்லாத காலத்தில், அதைக் கற்க விழைந்த ஒருவர் என்ன பாடுபட்டார் என்பதை இம்மண் அறியும்.

அவர் பெயர் ஜே. சி. டானியல். அகத்தீசுவரத்துத் தமிழ்க் குடும்பத்தினர், பல் மருத்துவர். படமெடுக்கும் கலையைப் பயிலச் சென்னைக்குச் சென்றார். ஆங்கிருந்த படப்பிடிப்பு நிலையத்தார் வாயிலிலேயே அவரைத் திருப்பியனுப்பினர். பின்னர் பம்பாய்க்குச் சென்று, தாம் ஒரு பள்ளி ஆசிரியர் என்றும், மாணவர்க்கு எடுத்துரைப்பதற்காகவே பார்க்க வந்ததாகவும் கூறி உட்புகுந்தார் என அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். ஆசிரியர் என்று சொல்லி மாணாக்கராய் நுழைந்த விந்தைதான் என்னே!

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தமக்கிருந்த நிலத்தை விற்ற பொருளைக் கொண்டு, திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிலையத்தை நிறுவி, ‘விகதகுமாரன்’ என்ற பேசாப்படத்தை எடுத்தார். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, நாயக வேடம் யாவும் அவரே. அப்படம் காபிடல் கொட்டகையில் திரையிடப்பெற்றது 1928இல் என்பாரும் 1930இல் என்பாரும் உளர். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சார்ந்த பி. கே. ரோசி நாயர் குலப் பெண்ணாக நடித்ததைப் பொறாத கூட்டம் கல்லெறிந்து கலகம் விளைத்தது. அந்நங்கை ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. டானியலுக்கு எஞ்சியது கடன். மீண்டும் பல் மருத்துவத்தையே நாடினார். 1956இல் எல்லை வகுக்கப்பட்டபோது அகத்தீசுவரம் தமிழகத்திலும் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் நின்றன. முதுமையில் அவருக்கு அரசின் உதவித்தொகை கிட்டாமைக்கு அவர் தமிழகத்தவர் என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டதாம். 1975இல் அவர் மறைந்தார். கேரள அரசு அவர் பெயரால் விருது ஏற்படுத்தியது 1992இல்! எல்லையில் வாழ்வோர்க்கு இது புதிய செய்தியன்று.

கல்லூரி ஒன்று இருந்திருப்பின் சாதிவெறியை அது தடுத்திராது. அது வேறு வழக்கு. ஆயின், கற்க வந்தவன் வாயில்தோறும் நின்று மீள வேண்டியிராது. மாஸ்கோவில் 1919இலும் ரோமாபுரியில் 1935இலும் திரைப்படப் பள்ளிகள் எழுந்துவிட்டன. சென்னையில் 1945இல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கத் தொடங்கினர். அதன் வழிவந்த நிறுவனமே இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயர் தாங்கி நிற்பது. சுதந்தரத்திற்குப் பின் 1949இல் அமைந்த எஸ். கே. பாட்டீல் குழு, 1951இல் அளித்த அறிக்கையில், தேசியப் பயிற்சிக் கழகம் ஒன்று வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஒன்பதாண்டுகள் சென்றபின் அது கைகூடிற்று.

இடம் வாய்த்தது நல்லூழே. ‘சந்த் துக்காராம்’ போன்ற படங்களைத் தந்த பிரபாத் கம்பெனி மூடப்பட்டபின், அதன் படப்பிடிப்பு நிலையமே கல்லூரியாயிற்று. வங்காளத்து ரித்விக் கட்டக் 1960களின் நடுவில் அங்கே ஆசிரியராயிருந்தார். மாமரத்தடியில் அவர் நிகழ்த்திய பேச்சுக்களை மாணவர்கள் வகுப்பறைப் பாடத்தினும் மேலாகக் கருதினர். அவர்தம் மாணவருள் ஒருவரான மலையாளி ஜான் ஆபிரகாம், ‘அக்ரகாரத்தில் கழுதை’யை 1977இல் தமிழில் எடுத்தார். திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் பட்டம் பெற்ற அடூர் கோபாலகிருஷ்ணன், 1962இல் அரசு வேலையை உதறிப் பூனாவுக்குச் சென்றார். திரும்பிவந்து 1965இல் திருவனந்தபுரத்தில் சித்திரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். 1972இல் ‘சுயம்வரம்’ தந்தார். மட்டக்களப்புத் தமிழரான பாலு மகேந்திரா அங்கே ஒளிப்பதிவு பயின்று, முதலில் ‘நெல்லு’ என்னும் மலையாளப் படத்தில் தம் கைவண்ணத்தைக் காட்டினார். தமிழும் மலையாளமும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த அளவு வேறெங்கும் இல்லை.

1971இல் தொலைக்காட்சியும் சேர்ந்து கல்லூரியின் பெயர் விரிந்தது. இயக்கமும் திரைக்கதையும், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, கலை இயக்கம் ஆகியவை மூன்றாண்டுப் படிப்புகள். பட்டதாரிகள் நுழைவுத் தேர்வெழுதிச் சேரலாம். 1970களில் நின்றுபோன நடிப்புப் பயிற்சி 2004இல் மீண்டது. பூசல்களும் இல்லாமலில்லை, 2015இல் மாணவர் வேலைநிறுத்தம் 139 நாள் நீடித்தது. அத்துணைத் தொலைவு செல்ல இயலாதோர்க்குக் கோட்டயத்தில் கே. ஆர். நாராயணன் பெயரால் கேரள அரசு ஒரு கல்லூரி நடத்தி வருகிறது. நம் பிள்ளைகளுள் இவ்வார்வம் உள்ளோர் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. பெற்றோரும் சினம் கொள்ள வேண்டியதில்லை.

பூனாவில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் எழுந்தது. அதனைப் பேணி வளர்த்தவர் திருவனந்தபுரத்தில் பிறந்த பி. கே. நாயர். நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளியிட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் பேசாப்படத்தின் சுருள்கள் அங்கே காக்கப்பட்டுள்ளன. நெய்யாற்றின்கரை நிலத்தை விற்று எடுத்த ‘விகதகுமார’னின் சுருள் ஒன்றேனும் அங்கே இல்லை.