ஒரே சட்டை அணிந்த பதினொருவர்



பல இனத்தார் ஒன்றுகூடி வாழும் நாடு நம்முடையது என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். ஒன்றுகூடி வாழ்வது வேறு, ஒன்றுகூடி உழைப்பது வேறு. பக்கத்து வீட்டாரோடு பகையின்றி இருக்க நல்ல குணம் போதும். ஒரே வேலையில் அவரை நம்பி இறங்குவதற்கோ பழக்கம் வேண்டும், பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி எப்படி அமைந்தது என்பதற்கு நம் காற்பந்து வரலாற்றில் ஒரு நல்ல சான்று இருக்கிறது.

1921-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையின் 'மலாயா' என்னும் போர்க்கப்பல் நம் கரைக்கு வந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்கள் கொடுத்த பணத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. நல்ல வரவேற்புக் கிடைத்த மகிழ்ச்சியில், காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களைக் கப்பலில் இருந்தவர்கள் பரிசளித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் மலாயா கிண்ணம். அவ்வாண்டு இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்ற கோல் கணக்கில் சிலாங்கூரை வென்றது. 1967 முதல் அது மலேசியக் கிண்ணம் என்று பெயர் பெற்றது.

அந்நாளில் திடலிலும் இனவாரியான வேலிகள் இருந்தன. சீனருக்கு ஒரு சங்கம், மலாய்க்காரருக்கு ஒரு சங்கம், இந்தியருக்கு ஒரு சங்கம், யூரேசியருக்கு ஒரு மன்றம், வெள்ளைக்காரருக்கு ஒரு கிளப். ஆண்டு முழுவதும் ஒருவரை எதிர்த்து ஒருவர் ஆடியவர்கள், கிண்ணப் போட்டி வந்ததும் மாநிலத்தின் பெயரால் ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். சட்டை மாற்றுவது ஒரு நிமிட வேலை. மனம் மாறுவது அப்படியா?

இந்தச் சூழலில் வளர்ந்தவர் சூ செங் குவீ. 1914-இல் பிறந்த இவர், இளமையில் சிங்கப்பூர்ச் சீனக் காற்பந்துச் சங்கத்துக்கு ஆடியவர். பின்னர் பயிற்றுநரானார். 1951-இல் புதுடில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது, புதிதாக விடுதலை பெற்றிருந்த இந்தோனேசியாவின் காற்பந்துக் குழுவுக்கு இவரே பயிற்றுநர். 1950-களின் பிற்பகுதியில் மலாயாக் குழு இவரிடம் வந்தது. விடுதலையை ஒட்டி 1957-இல் தொடங்கிய மெர்டேக்கா போட்டியில் மலாயா 1958, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வென்றது. 1960-இல் தென் கொரியாவுடன் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டது.

ஆட்டக்காரர்கள் இவரை 'அங்கிள் சூ' என்றே அழைத்தார்கள். கண்டிப்பில் ஆசிரியர், பரிவில் தகப்பன் என்று பெயர் எடுத்தவர். அந்தக் கண்டிப்பை நாம் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். பல இனத்தார் உள்ள ஒரு குழுவில் முதலில் எழும் சந்தேகம், "அவனுக்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதியா?" என்பதுதான். சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும்போது அந்தச் சந்தேகம் வேர் பிடிப்பதில்லை. தலைவன் ஒருவனுக்குச் சலுகை காட்டினால், அவன் இனத்துக்கே சலுகை காட்டியதாக மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பலதரப்பட்ட குழுவை நடத்துபவருக்கு நடுநிலைமையே முதல் முதலீடு.

நம்பிக்கை பேச்சால் வருவதில்லை என்பதையும் காற்பந்து காட்டுகிறது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் தம் இடத்தை விட்டு முன்னேறி ஓடுகிறார். காலியான அந்த இடத்தை இன்னொருவர் வந்து காப்பார் என்று அவர் நம்பியாக வேண்டும். கோல்காவலர் குரல் கொடுத்தால், முன்னே நிற்பவர் திரும்பிப் பாராமல் விலக வேண்டும். அந்த நொடியில், "இவன் யார்? என்ன மொழி பேசுபவன்?" என்று யோசிக்க நேரமில்லை. நூறு முறை பயிற்சியில் வந்து காத்தவன், நூற்றோராவது முறையும் வருவான் என்ற அனுபவமே அங்கே நம்பிக்கை. சிறு சிறு வாக்குகள் நாள்தோறும் காப்பாற்றப்பட்டு, அவை சேர்ந்தே பெரிய நம்பிக்கையாகின்றன.

1975-லும் 1976-லும் சிங்கப்பூர் இறுதியாட்டம் வரை வந்து, இரண்டு முறையும் சிலாங்கூரிடம் தோற்றது. 1965-இல் வென்ற பிறகு கிண்ணம் சிங்கப்பூருக்கு வந்ததே இல்லை. அப்போது சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் வழக்கறிஞர் என். கணேசன். காலாங் தேசிய விளையாட்டரங்கத்துக்குக் கிண்ணப் போட்டியைக் கொண்டு சென்று, ஐம்பதாயிரம் பேர் கூடி முழங்க வழி செய்தவர் அவர். 1977-ஆம் ஆண்டுப் போட்டிக்கு, அறுபது வயதைக் கடந்துவிட்ட சூ செங் குவீயிடம் குழு ஒப்படைக்கப்பட்டது.

அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியலைப் படித்தாலே நம் கடைத்தெருவில் நடப்பதுபோல் இருக்கும். சமது அல்லாபிச்சை, குவா கிம் சோங், டோலா காசிம், முகமது நோ, வளைந்து செல்லும் உதைக்குப் பெயர்போன எஸ். ராஜகோபால்! 1977 மே 28-ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் அவர்கள் பினாங்கைச் சந்தித்தார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குச் சென்றது. குவா கிம் சோங் போட்ட கோலால் 3-2 என்று சிங்கப்பூர் வென்றது. பன்னிரண்டு ஆண்டு ஏக்கம் தீர்ந்தது. நீரிழிவு நோயின் கொடுமையால் பின்னர் ஒரு காலை இழந்த அங்கிள் சூ, 1983-இல் மறைந்தார்.

நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழும். "விளையாட்டில் ஒற்றுமை தொண்ணூறு நிமிடம்தானே? அதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மெர்டேக்கா கிண்ணத்தை எல்லா இனத்தாரும் சேர்ந்து வென்ற பிறகும், 1964-இல் சிங்கப்பூரிலும், 1969 மே 13-இல் கோலாலம்பூரிலும் இனக் கலவரங்கள் மூண்டன. கிண்ணம் அவற்றைத் தடுத்து நிறுத்தவில்லை. அரங்கத்தில் சேர்ந்து கைதட்டிய கைகள் எல்லாம் வெளியே வந்து கைகோத்துக்கொள்ளவில்லை.

ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த மே மாதம் கழிந்து இரண்டே ஆண்டுகளில், 1971-இல், மலேசியக் காற்பந்துக் குழு சோல் நகரில் தென் கொரியாவை அதன் மண்ணிலேயே 1-0 என்று வென்றது. மியூனிக் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. 1972-இல் அங்கே அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்தது. எம். சந்திரன் தலைமையில், சோ சின் ஆன், ஷஹாருதீன் அப்துல்லா போன்றவர்கள் ஒன்றாக ஆடினார்கள். ஊரில் அச்சம் முழுவதும் அடங்காத காலத்தில், இந்தக் குழு உடைந்துபோகவில்லை. காரணம், அவர்களுடைய நம்பிக்கை கைதட்டலில் பிறந்ததன்று. பயிற்சித் திடலின் வியர்வையில் பிறந்தது. பார்த்து மகிழ்ந்தவனுக்கும் சேர்ந்து உழைத்தவனுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

நாம் கற்க வேண்டிய பாடமும் அதுவே. தொழிற்சாலையிலோ, அலுவலகத்திலோ, பள்ளியிலோ பல இனத்தாரைக் கொண்ட குழுவை நடத்துபவர், ஆண்டுக்கு ஒருமுறை விருந்து வைத்து ஒற்றுமையைப் பற்றிப் பேசினால் போதாது. ஒருவர் வேலை மற்றவர் வேலையோடு பிணையும்படி பொறுப்புகளைப் பங்கிட வேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் புரியும் மொழியில் பேச வேண்டும். ஒருவரின் நோன்பையும் மற்றவரின் உணவு வழக்கத்தையும் கேட்டறிந்து மதிக்க வேண்டும். தவறு நேரும்போது, தவற்றைச் சுட்ட வேண்டுமே தவிர, தவறியவரின் இனத்தைச் சுட்டக் கூடாது.

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா மீண்டும் தென் கொரியாவை 2-1 என்று வென்றது. ஹசான் சானி தந்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். பின்னால் கோல்கம்பத்தில் நின்றவர் ஆர். ஆறுமுகம். அவருக்கு முன்னே சோ சின் ஆன், சந்தோக் சிங். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா விலகியதால், அவர்கள் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் செல்ல இயலவில்லை. பதக்க வாய்ப்புப் போயிற்று. ஆயினும் ஒரு தமிழரின் குரலுக்கு ஒரு சீனரும் ஒரு சீக்கியரும் திரும்பிப் பாராமல் விலகி வழிவிட்ட அந்தக் காட்சி போகவில்லை.

நாளை உங்கள் வேலையிடத்தில் அருகில் நிற்பவர், உங்கள் குரல் கேட்டால் திரும்பிப் பாராமல் நம்புவாரா? அவர் குரலை நீங்கள் நம்புவீர்களா? இந்த இரண்டு கேள்விகளையும் எண்ணிப் பாருங்கள்.