4 ஸ்வரத்தில் ஒரு ராகமா? பாலமுரளி கிருஷ்ணாவைச் சுற்றிய சர்ச்சை என்ன?

'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தின் 'அதிசய ராகம்' பாட்டு ஞாபகம் இருக்கா? அது மகதி ராகம். ச, க, ப, நி, அவ்வளவுதான். உருவாக்கியவர் எம்.பாலமுரளி கிருஷ்ணா.

யார் இவர்?
1930-ல் ஆந்திராவின் சங்கரகுப்தத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே மேடை ஏறியவர். பாட்டு மட்டுமில்லை, வயலின், வயோலா, மிருதங்கம், கஞ்சிராவும் வாசிப்பார்.

என்ன சர்ச்சை?
ராகத்துக்குக் குறைந்தது 5 ஸ்வரம் வேணும் என்பது மரபு. புது ராகம் உருவாக்கியதாக இவர் சொன்னதை வீணை எஸ்.பாலசந்தர் கடுமையாக எதிர்த்தார்.

பிறகு?
இவர் பின்வாங்கவில்லை. 1991-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 2016 நவம்பர் 22-ல் சென்னையில் காலமானார். அந்த 4 ஸ்வரம் மட்டும் இன்னும் ஒலிக்குது.