பெரிய அளவுப் பிலிமும் டிஜிட்டல் காமிராவும்

புகைப்படத்தின் நுட்பம் காமிராவின் விலையைக் காட்டிலும், பிம்பம் விழும் பரப்பின் விஸ்தீரணத்தையே பெரிதும் சார்ந்தது. 36×24 மில்லிமீட்டர் அளவுள்ள பிலிம் கட்டமொன்றை 20 அங்குல அகலப் பிரதியாக்க ஏறத்தாழ 14 மடங்கு பெருக்க வேண்டியிருக்க, 8×10 அங்குலப் பிலிம் தாளுக்கோ இரண்டு மடங்கே போதுமாதலால், லென்சின் சிறு குறைகளும் பிலிமின் மணிகளும் அதில் கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை. அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் எடுத்த சந்திரோதயப் படம் இந்த 8×10 அங்குலப் பிலிமில் பதிந்ததே. அந்திவெயிலின் கடைசிக் கிரணங்கள் பட்டு வெளுத்து நிற்கும் இடுகாட்டுச் சிலுவைகள், மிகச் சிறியனவாயிருந்தும், அதில் தனித்தனியே தெளிந்து நிற்கும் அழகு வியக்கத்தக்கது.

2002இல் கானான் நிறுவனம் 36×24 மில்லிமீட்டர் அளவை ஒட்டிய சென்சாரில் 1.1 கோடி பிக்சல்களைக் கொண்ட டிஜிட்டல் காமிராவை அறிமுகப்படுத்தியபின், பிலிமோடு அதன் ஒப்பீடு தீவிரமடைந்தது. மங்கிய ஒளியிலும் மணியற்ற தூய்மையிலும் சென்சாரே மேம்பட்டது. ஆயினும் பிக்சல் எண்ணிக்கையொன்றையே அளவுகோலாகக் கொள்வது பிழை: மிகைப்பிரகாசத்தில் சென்சார் சட்டென வெறும் வெண்மையாகிவிடும் இடத்தில், நெகட்டிவ் பிலிம் படிப்படியாகவே விவரத்தை இழக்கிறது. பெரிய பிலிமுக்கும் சங்கடமுண்டு. அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவாக விழ லென்சின் துவாரத்தை மிகச் சுருக்க நேர்வதால், ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவிக் கூர்மை குறைவதோடு, நீண்ட நேரப் பதிவில் காற்றிலாடும் இலைகள் கலங்கியும் விடுகின்றன.