அன்னபூரணி ஃபுளோரன்ஸ் ஆன கதை



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். மண்ணரையில்தான் குடியிருக்கிறாள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கையில் இருந்த போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினாள். வெளிநாட்டுத் தம்பதி ஒரு பாய்மரப் படகிலேயே சமைத்து, தூங்கி, கரை ஓரமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"சார், புருசனும் பொண்டாட்டியும் இப்படி மாசக்கணக்குல கடல்லயே இருக்க முடியுங்களா? நாங்க நாள் முழுக்க ஷிப்மென்ட் ஷிப்மென்ட்னு பேசறோம். ஒரு கப்பலக் கண்ணால பாத்ததில்லீங்க" என்றாள்.

நியாயமான பேச்சு. நம் ஊரில் கடல் இல்லை, நொய்யல்தான் உண்டு. ஆனால் தூத்துக்குடியில் கப்பல் கிளம்பும் தேதி தெரியாத கம்பெனி கிடையாது. அவள் கேட்டதற்குப் பதிலாக ஒரு உண்மைக் கதையைச் சொன்னேன். அதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்று ஒரு அமெரிக்கர். 1902இல் பிறந்தவர். 1928இல், தன் இருபத்தாறாவது வயதில், ஒரு சிறிய பாய்மரப் படகில் உலகம் சுற்றக் கிளம்பினார். இரண்டு பாய்மரம் உள்ள அந்தப் படகின் நீளம் 32 அடிக்குச் சற்றே கூடுதல். நம் ஊரில் ஒரு லைன் வீட்டை முன்னிருந்து பின்வரை அளந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். படகுக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்வாப்'. சொப்பனம் என்று நாம் சொல்கிறோமே, அதே சமஸ்கிருத வேர். கனவு என்ற பொருளில் வைத்தார். பசிபிக், இந்தியப் பெருங்கடல், செங்கடல், மத்தியதரைக் கடல் எல்லாம் தாண்டி 1931 நவம்பரில் நியூயார்க் திரும்பினார். அவ்வளவு சின்னப் படகில் உலகம் சுற்றியவர்கள் அன்றைக்கு மிகச் சிலர்தான். அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதிப் புகழும் பெற்றார்.

அதன்பின் ஃபுளோரன்ஸ் கிரேன் என்ற பெண்ணை மணந்தார். கிரேன் குடும்பம் குழாய், வால்வு, குளியலறைச் சாமான் செய்து பெரும் பணம் சேர்த்த குடும்பம். மாசசூசெட்ஸ் மாநிலம் இப்ஸ்விச் கடற்கரைக் குன்றின்மேல் அவர்களுக்கு ஒரு மாளிகை. 1928இல் கட்டி முடித்தது, 59 அறைகள். இன்றும் பார்வையாளர்கள் போய்ப் பார்க்கும் இடம். அந்த வீட்டுப் பெண் 32 அடிப் படகில் குடித்தனம் நடத்தக் கிளம்பினாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1933இல் இருவரும் ஸ்வாப்பில் புறப்பட்டார்கள். ராபின்சனின் உறவினர் ஒருவரும் கூட வந்தார். கரீபியத் தீவுகள், பனாமா, பிறகு பசிபிக் பக்கம் என்று கரையையும் தீவுகளையும் ஒட்டியே பயணம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கரை ஓரமாகப் போவது சுலபம், நடுக்கடல்தான் ஆபத்து என்று நாம் நினைப்போம். படகுக்காரனைக் கேட்டால் மாற்றிச் சொல்வான். நடுக்கடலில் மோதுவதற்கு ஒன்றும் இல்லை. கரைக்குப் பக்கத்தில்தான் பாறை, மணல்திட்டு, நீரோட்டம் எல்லாம் இருக்கின்றன. காற்று கரையைப் பார்த்து அடித்தால் பாய்மரப் படகு தப்பிப்பது கஷ்டம். ராத்திரி முறை வைத்து விழித்திருக்க வேண்டும். நங்கூரம் போட்ட பிறகும் அது பிடித்திருக்கிறதா, இழுத்துக்கொண்டு போகிறதா என்று எழுந்து எழுந்து பார்க்க வேண்டும். குடிதண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். வீடியோவில் சூரிய அஸ்தமனம்தான் தெரியும், இதெல்லாம் தெரியாது.

1934இல் காலபாகஸ் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டார்வின் போனாரே, அதே தீவுகள். ஆளில்லாத ஒரு குடாவில் படகு நிற்கும்போது ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. மருத்துவர் இருக்கும் பனாமா அங்கிருந்து சுமார் 1,000 மைல். படகில் வயர்லெஸ் கிடையாது. சூரை மீன் பிடிக்கும் அமெரிக்கக் கப்பல் ஒன்று தற்செயலாக அந்தக் குடாவுக்குள் வந்தது. அதில் வயர்லெஸ் இருந்தது. செய்தி போனது. பனாமாவிலிருந்து கடல் விமானங்களில் மருத்துவ உதவி வந்தது, கடற்படைக் கப்பலும் விரைந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஸ்வாப் படகை இழந்தார்கள். கனவு என்று பெயர் வைத்த படகு அப்படி முடிந்தது.

இதுவரை ராபின்சனின் கதை. இனிமேல்தான் நம் ஆட்கள் வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் வல்வெட்டித்துறை என்று ஒரு ஊர். வல்வை என்று சுருக்கிச் சொல்வார்கள். சின்ன ஊர்தான். ஆனால் கடலோடிகளுக்கும் கப்பல் கட்டுவோருக்கும் பேர்போனது. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும், நம் கரையிலிருந்து ஓடும் மற்ற சரக்கும் அவர்கள் கப்பலில் போய் வந்தன. காற்றுதான் அவர்களுக்கு நாள்காட்டி. சோழகம் என்று அவர்கள் சொல்லும் தென்மேற்குக் காற்றில் வங்காள விரிகுடாவைத் தாண்டி பர்மா போவார்கள். வாடை என்னும் வடகிழக்குக் காற்று எழும்போது சரக்கோடு திரும்புவார்கள். கப்பலை நடத்துகிறவருக்குத் தண்டையல் என்று பெயர். கடற்கரையிலேயே மேஸ்திரிமார் கப்பல் கட்டினார்கள். வேம்பு போன்ற உள்ளூர் மரங்கள் அதற்கு உதவின. ஏரா என்னும் அடிமரத்தை முதலில் வைத்து, அதன்மேல் வங்கு என்னும் விலாக்கால்களை நிறுத்தி, பலகை அடித்து மேலே வருவார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. அளவு மேஸ்திரியின் தலைக்குள் இருந்தது.

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. மரக்கப்பலில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் புகாமல் இருக்க, பஞ்சைத் திரியாக முறுக்கி இடுக்கில் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். தூத்துக்குடித் தோணிகளுக்கும் இதேதான். பாயும் அந்தக் காலத்தில் பருத்தித் துணிதான். பஞ்சு இல்லாமல் மரக்கப்பல் மிதக்காது, பருத்தி இல்லாமல் ஓடாது. கடல் இல்லாத ஊர்ப் பயிருக்கும் கடலில் பங்கு இருந்தது.

அப்படி 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட கப்பல்தான் 'அன்னபூரணி அம்மாள்'. நீளம் 89 அடி. இரண்டு பாய்மரம். முன்மரத்தில் குறுக்குச் சட்டத்தில் தொங்கும் சதுரப் பாய்கள். மேலை நாடுகளில் நீராவிக் கப்பல் வந்து அந்த வகைப் பாய்க்கப்பல் அநேகமாக அழிந்துவிட்ட காலம் அது. வல்வையில் மட்டும் புதிதாகவே கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வாப்பை இழந்த ராபின்சன் தம்பதி 1930களின் நடுவில் இலங்கைக்கு வந்தார்கள். அன்னபூரணியைப் பார்த்தார்கள், விலைக்கு வாங்கினார்கள். உலகத்தையே சுற்றி வந்தவர், படகின் தரம் அறிந்தவர், எத்தனையோ நாட்டுக் கப்பல்களைக் கண்டவர். அவர் கை வைத்தது நம் மேஸ்திரிமார் கட்டிய கப்பலில். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

வாங்கிய பிறகு பெயரை மாற்றினார். மனைவியின் பெயரையே வைத்தார்: 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்'.

1937இல் கப்பல் கொழும்பிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பியது. வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதில் போனார்கள். கனகரத்தினம் தம்பிப்பிள்ளை என்பவர் தண்டையல். அரபிக் கடல், ஏடன், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர். அங்கிருந்து அட்லாண்டிக் பெருங்கடல், பெர்முடா தீவு. அட்லாண்டிக்கைக் கடக்கும்போது மக்குயிஷ் என்ற வெளிநாட்டுக் கப்பல் தலைவர் பொறுப்பில் இருந்தார். கயிற்றில் ஏறிப் பாயை இறக்கியதும் சுக்கான் பிடித்ததும் வல்வையார். 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பாய்க்கப்பலுக்குப் பேர்போன ஊர் அது. அங்கேயே இந்தக் கப்பலை அதிசயமாகப் பார்த்தார்கள். அமெரிக்கச் செய்தித்தாள்கள் எழுதின.

வாடையும் சோழகமும் பார்த்து பர்மாவுக்குப் போய் வந்தவர்கள், எந்தக் காலத்திலும் தாங்கள் காணாத குளிர்க் கடலில், உள்ளூர் மரத்தால் கட்டிய கப்பலோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அந்தக் கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருந்தது வேறொரு பெயர்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியதும் அந்தப் பிள்ளை சிரித்தாள். "நம்ம பனியன் மாதிரியேதானுங்க சார்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பாடம் நடத்துகிற நினைப்பில் இருந்தேன், அவள் பாடத்தை முடித்து வைத்துவிட்டாள். நூல் நம்முடையது, நிட்டிங் நம்முடையது, சாயம் நம் நொய்யலை நாசமாக்கிப் போட்டது, தைத்த கை நம்முடையது. கழுத்துக்குப் பின்னால் தைக்கும் மெயின் லேபிளில் மட்டும் வேறொரு நாட்டுப் பெயர். கீழே சின்னதாக 'மேட் இன் இந்தியா'.

ராபின்சனைக் குற்றவாளி ஆக்க நான் இதை எழுதவில்லை. விலை கொடுத்து வாங்கினார், ஆசை மனைவியின் பெயரை வைத்தார். யாரும் செய்வதுதான். அந்தப் பெயரும் அவர்களுக்கு நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த மணவாழ்க்கை முறிந்தது. 1943இல் ஃபுளோரன்ஸ் ஒரு ரஷ்ய இளவரசரை மணந்தார். ராபின்சன் இப்ஸ்விச்சில் கப்பல் கட்டும் தளம் நடத்தினார். உலகப்போர்க் காலத்தில் அங்கே கடற்படைக்குக் கலங்கள் கட்டினார்கள். 70 அடி நீளத்தில் 'வருவா' என்ற பாய்க்கப்பலைத் தனக்கென்று கட்டிக்கொண்டு, 1945இல் டஹிட்டி தீவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அந்த மக்களை வாட்டிய யானைக்கால் நோயை ஒழிக்கும் ஆராய்ச்சிக்குத் துணை நின்றார். நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும்.

வல்வைக் கப்பல் தொழிலும் நிலைக்கவில்லை. போரில் 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது, அரிசி வியாபாரம் நின்றது. பிறகு நாடுகள் விடுதலை அடைந்தன. நேற்றுவரை ஒரே கடலாக இருந்த இடத்தில் கடவுச்சீட்டும் சுங்கமும் வந்தன. இயந்திரக் கப்பல்கள் மிச்சத்தை முடித்தன.

என் மனதை உறுத்துவது வேறு. பல்லாண்டு வரலாறு நடத்தினேன். இராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! 1025 என்ற ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவீர்கள். நொய்யல் கரையில் கொடுமணல் இருந்ததையும், அங்கே மணிகள் செய்ததையும், கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகள் கிடைப்பதையும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கப்பலைக் கட்டியது யார், அந்த மணியில் துளை போட்டது யார் என்று ஒருநாளும் வகுப்பில் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. கேட்கக் கற்றுக்கொடுக்காதது என் குறை.

மன்னனின் பெயர் கல்வெட்டில் இருக்கும், வாங்கியவரின் பெயர் பலகையில் இருக்கும். செய்தவரின் பெயர் அவர் பிள்ளைகள் சொன்னால்தான் இருக்கும். அன்னபூரணி என்ற பெயர் இன்றைக்கும் உயிரோடு இருக்கக் காரணம் வல்வை மக்கள்தான். எங்கள் ஊர் கட்டியது, எங்கள் ஆட்கள் ஓட்டிப் போனார்கள் என்று பேரன் பேத்திகளுக்குச் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றினார்கள்.

அதனால் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஓய்வு பெற்ற வாத்தியார் கொடுப்பது, மார்க் கிடையாது. உங்கள் வீட்டில் முதன்முதலில் பனியன் கம்பெனிக்குப் போனது யார்? அப்பாரா, அம்மாவா, அத்தையா? எந்த வருசம், என்ன வேலை, வாரக் கூலி எவ்வளவு? கைமடித்தலா, கட்டிங்கா, சிங்கர் தையலா? அவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் பெயரை முதல் வரியில், முழுப்பெயராக எழுதுங்கள்.

கிளம்பும்போது அந்தப் பிள்ளை வாசலில் நின்று, "எங்கம்மாதானுங்க சார் மொதல்ல போனாங்க. இன்னைக்கே போய்க் கேக்கறேன்" என்றாள். எழுதிக்கொண்டு வந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். காத்திருக்கிறேன்.

நீங்களும் எழுதுங்கள், கண்ணுகளா. எல்லோரும் நலமாக இருங்கள்.