உடப்புக் கரையின் இழுப்புத் தொழில்

புத்தளம் மாவட்டத்தில் மதுரங்குளியை அடுத்துள்ள கனமூலையும், தெற்கே முந்தல், உடப்பு, ஆண்டிமுனை ஆகிய ஊர்களும் களப்புகளையும் கடலையும் அடுத்த ஒரே கரையோரப் பகுதியைச் சேர்ந்தவை. புத்தளம், முந்தல் ஆகிய களப்புகளை இணைக்கும் ஒல்லாந்தர் காலக் கால்வாய் இப்பகுதியின் உள்நீர் வழியாக இருந்ததென்றால், திறந்த கடலின் ஓரத்தில் பல தலைமுறைகளாகச் சோறிட்டு வந்தது, கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுக்கும் கரைவலைத் தொழிலே ஆகும்.

நீரில் ஒரு பொருளை இழுக்கும்போது அது காட்டும் எதிர்ப்பைக் கடலோடிகள் இரண்டு விதமாகக் கையாண்டுள்ளனர். கடலடியைத் தொட முடியாத ஆழத்தில், கூம்பு வடிவத் துணிப்பை ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் விட்டால், அது நீரை அள்ளிக்கொண்டு பின்னிழுப்பதால், கலம் அடித்துச் செல்லப்படும் வேகம் குறைந்து, அதன் முகம் காற்றுக்கு நேராக நிற்கும். இதுவே கடல் நங்கூரம் எனப்படுவது. மிதந்து செல்லும் வலையை விரித்து அதன் ஒரு தலைப்பைப் படகின் முனையில் கட்டிக் காத்திருக்கும் மீனவருக்கு, அந்த வலையே இவ்வேலையைச் செய்துவிடுகிறது. கரைவலையிலோ அதே எதிர்ப்பை மனிதர் தம் உடல் வலுவால் வென்றாக வேண்டும்.

வடத்தின் ஒரு நுனியைக் கரையில் விட்டுப் புறப்படும் படகு, வடத்தையும் வலையையும் பிறை வடிவில் இறக்கியபடி சென்று, மறு வடத்துடன் சற்றுத் தொலைவில் கரை சேர்கிறது. இரண்டு வடங்களையும் இரண்டு அணியினர் பற்றிப் பின்னோக்கி நடக்கின்றனர். மேட்டை எட்டியவர் வடத்தை விட்டுவிட்டு, நீரோரத்துக்கு வந்து மீண்டும் பிடிக்கிறார். அணிகள் மெல்ல மெல்ல நெருங்கி வர, வலையின் இரு கைகளுக்கும் நடுவிலுள்ள பை போன்ற மடியில் மீன் ஒதுங்குகிறது. வலையின் உடைமையாளர் சம்மாட்டி. தொழிலை நடத்தும் அனுபவசாலியைச் சிங்கள மீனவர் மன்னாடிரால என்பர். வலை வளைக்கும் உரிமைக்குரிய கரைத் துண்டு பாடு எனப்பட்டது. சின்னப்பாடு என்ற ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. மேற்குக் கரையில் ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரையே கடல் இத்தொழிலுக்கு இசைவாக இருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பலர் கிழக்குக் கரைக்குப் பெயர்வது வழக்கமாயிற்று.

இழுத்து மீன் பிடிக்கும் வலைகளுக்கு மொழிகள் சூட்டிய பெயர்களில் சில வலையின் பருமனையும் சில இழுப்பையும் சுட்டுகின்றன. கரைவலை சிங்களத்தில் மாதெல, அதாவது பெருவலை. கிரேக்கத்தின் சகேனே இலத்தீன் வழியே பிரெஞ்சுக்குச் சென்று சேன் ஆயிற்று. கடலடியை வாரிச் செல்லும் வலையைப் போர்த்துக்கீசர் இழுத்தல் என்ற வினையிலிருந்தே பெயரிட்டனர். தமிழிலும் அது இழுவை மடி. ஆனால் பெயர் நெருங்குவதால் தொழில்கள் நெருங்கிவிடுவதில்லை. கடலடியைச் சுரண்டும் இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டத்தின் மூலம் தடை செய்தது. கரையில் நின்று இழுக்கும் கரைவலையோ உரிமம் பெற்று நடக்கும் தொழிலாகவே தொடர்கிறது.

கரைவலைத் தொழிலின் கூறுகளுள் மிகவும் மதிக்கத்தக்கது அம்பா எனப்படும் இழுப்புப் பாடல் மரபு. இராமேசுவரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று தம் மரபைக் கூறும் உடப்பு மக்களிடையே, ஒருவர் அடியெடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. பலர் தனித்தனியே காட்டும் வலு கடலிடம் வீணாகும். ஒரே நொடியில் சேரும்போதுதான் வலை நகரும். அந்த நொடியை வடம் பிடித்தவர் அனைவருக்கும் அறிவித்தது பாட்டின் தாளமே. தும்புக் கயிற்றுக்கும் பருத்தி நூலுக்கும் பதிலாக நைலான் வந்தபோது சுமை குறைந்ததே தவிர, பாட்டின் தேவை நீங்கவில்லை. உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழல் உருளை வடத்தைச் சுருட்டத் தொடங்கிய பின்னரே ஒத்திசைவுக்கான காரணம் மறைந்தது.

மேடைக்கென ஒழுங்குபடுத்திய அம்பாவில் சொற்கள் எஞ்சலாம். தொடக்க இழுப்புக்கு எந்த நடை, மடி கரையை நெருங்கும்போது எந்த விரைவு என்ற அறிவு எஞ்சாது. ஆகவே, வடம் பிடித்துப் பாடிய முதியோர் உள்ளபோதே, ஒவ்வொரு பாடலையும் அதற்குரிய இழுப்புக் கட்டத்தோடு சேர்த்துக் கரையிலேயே பதிவு செய்வதைப் பல்கலைக்கழகங்களும் ஊர்ச் சங்கங்களும் தம் கடமையாக ஏற்க வேண்டும்.