கல்வெட்டுக் காசும் இக்கால மதிப்பும்

பழந்தமிழ் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் பொருட்றொகைகள் பல இடங்களிற் குறிக்கப்பெறுகின்றன. கபிலர் சேரனிடம் நூறாயிரம் காணம் பெற்றார் எனப் பதிற்றுப்பத்தின் பதிகம் கூறும். பட்டினப்பாலைக்குப் பதினாறு நூறாயிரம் பொன் பரிசிலாக அளிக்கப்பெற்றது எனக் கலிங்கத்துப்பரணி கூறும். இவற்றைக் கேட்போர் உடனே வினவுவது, ‘இத்தொகை இன்றைக்கு எத்துணை ரூபாவாகும்?’ என்பதே. உரையாசிரியரும் வரலாறு எழுதுவோரும் சிலபோது ஒரு விடையும் கூறிவிடுகின்றனர். அவ்விடை எவ்வாறு பெறப்பட்டது என்பதை மட்டும் அவர்கள் கூறுவதில்லை. இலக்கியத் தொகைகள் புகழ்ச்சியொடு கலந்தவை. ஆதலின் கணக்கு நோக்கோடு பொறிக்கப்பெற்ற தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

காசும் நெல்லும்

முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் காசுக்கும் நெல்லுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டுகின்றன. காசு ஒன்றுக்கு நெல் இரு கலம் என்பது அவற்றிற் கண்ட விலை. கோயிற் பண்டாரத்திலிருந்து ஊர்ச் சபையார் கொண்ட காசுக்கு ஆண்டுதோறும் முக்குறுணி நெல் வட்டியாக அளத்தல் வேண்டும். கலம் ஒன்றுக்குக் குறுணி 12. எனவே காசு ஒன்றின் விலை 24 குறுணியும், அதன் வட்டி 3 குறுணியும் ஆகின்றன. வட்டி வீதம் நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது பெறப்படும். காசாகவே வட்டி செலுத்துமிடத்துத் திங்கள் ஒன்றுக்கு அரைக்கால் அக்கம் என்பர். அக்கம் 12 கொண்டது ஒரு காசு. ஆண்டுக்கு ஒன்றரை அக்கம் ஆதலின் இதுவும் பன்னிரண்டரையே. இருவழியும் ஒத்து வருதலால், இரு கலம் என்னும் விலையை நாம் ஐயமின்றிக் கொள்ளலாம்.

இரு துலைகள்

இனி, இக்காசினை ரூபாவாக்க இரண்டு வழிகள் எளிதிற் புலப்படும். ஒன்று பொன்னின் எடை; மற்றொன்று நெல்லின் அளவு.

கழஞ்சு 20 மஞ்சாடி எடையுடையது; இன்றைய அளவில் 5 கிராமுக்குச் சற்று மேற்படும். இராசராசன் காலத்துக் காசு அரைக்கழஞ்சுப் பொன்னுக்கு நிகர் என அறிஞர் பலர் கொள்வர். அவ்வாறாயின் கழஞ்சு ஒன்று இரு காசு. அதாவது நான்கு கலம் நெல். 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆபரணத் தங்கம் கிராம் ஏறத்தாழ 7,000 ரூபா விற்றது. கழஞ்சினை 5 கிராம் எனக் கொள்ளினும் அதன் விலை 35,000 ரூபா ஆகும்.

நெல்வழி நோக்குவோம். கலத்தின் கொள்ளளவு இடந்தோறும் வேறுபட்டது. அதனாலன்றோ ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால் இராசகேசரிக்கு ஒத்தது எனத் தஞ்சைக் கல்வெட்டுகள் பெயர் சுட்டி உரைக்கின்றன! பிற்காலத் தஞ்சைக் கலத்தினும் மிகப் பெரிதாக, கலம் ஒன்றை 80 கிலோ எனவே வைத்துக்கொள்வோம். நான்கு கலம் 320 கிலோ. 2024–25 ஆம் ஆண்டிற்குச் சாதாரண நெல்லுக்கு இந்திய அரசு குறித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபா. அவ்வழி வருவது 7,360 ரூபாவே. பொன்வழி மதிப்பு இதனினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுகின்றது. கலத்தைச் சிறிதாகக் கொள்ளின் வேறுபாடு இன்னும் பெருகும்.

இவ்வேறுபாடு பிழையான கணக்கினால் வந்ததன்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து வீரிய விதையும் உரமும் நெல் விளைவைப் பெருக்கின. பொன்னோ உலகச் சந்தையின் சேமிப்புப் பொருளாயிற்று. துலையின் இரு தட்டுகளும் இடம் பெயர்ந்துவிட்டன.

தளிச்சேரிப் பெண்டுகள்

இதனால் விளையும் தீங்கினை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். இராசராசனின் 29 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பெருங்கோயிலுக்குக் கொணர்ந்து அமர்த்தப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பெயர் கூறிக் குறிக்கின்றது. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு வேலி நிலத்தினால் வரும் நெல் ஆண்டுக்கு 100 கலம்.

இந்நூறு கலம் 50 காசு, அஃதாவது 25 கழஞ்சு. பொன்வழி 8,75,000 ரூபா. நெல்வழி 1,84,000 ரூபா. முன்னதைக் கொண்டவர் அப்பெண்டிரைச் செல்வச் செழிப்பினர் என்பர். பின்னதைக் கொண்டவர் எளிய ஊதியத்தினர் என்பர். சான்று ஒன்றே; முடிபுகளோ முற்றும் மாறானவை. ஒரு சமுதாயத்தாரின் நிலையைப் பற்றிய தீர்ப்பு, ஆராய்ச்சியாளர் கையிலெடுத்த அளவுகோலைப் பொறுத்ததாகிவிடுகின்றது.

கல்வெட்டே தரும் அளவுகோல் வேறு. 100 காசு வைப்பு ஆண்டுக்கு 300 குறுணி, அதாவது 25 கலம் வட்டி தரும். எனவே ஒரு பங்கினைக் கோயில் என்றும் நிலைநிறுத்த 400 காசு முதலாக வேண்டும். ஆண்டுச் செலவாக 50 காசு. முதலாக 400 காசு. அறக்கட்டளைத் தொகையைச் செலவுத் தொகையாகக் கருதுவார் எட்டு மடங்கு பிழைபடுவர். மேலும், அதே கல்வெட்டில் ஏனைய பணியாளர்க்குப் பங்கு கூடியும் குறைந்தும் வகுக்கப்பட்டுள்ளது. தளிச்சேரிப் பெண்டுகளின் நிலையை அறிய அவ்வரிசையில் அவர்தம் இடத்தை நோக்குதலே தக்கது. அதற்கு ரூபாக் கணக்கு வேண்டுவதில்லை.

முடிபு

இவற்றால் நாம் கொள்ளத்தக்கவை மூன்று. பழந்தொகையை முதலில் அதன் காலத்து நெல், நிலம், ஊதியம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுக் காட்டுதல் வேண்டும். அது முதலா, ஆண்டு வருவாயா என்பதைத் தெளிவாக்குதல் வேண்டும். ரூபா மதிப்புக் கூறியே ஆகவேண்டுமாயின், எவ்வாண்டு விலை, எவ்வழிக் கணக்கு என்பவற்றை உடன் உரைத்தல் வேண்டும். இம்மூன்றும் இன்றிக் கூறப்படும் ரூபாத் தொகை, அக்காலத்தாரின் செல்வத்தைக் காட்டாது; நம் காலத்துப் பொன் விலையையே காட்டும்.