இந்திய மாணவர் சங்கம்

இந்திய மாணவர் சங்கம் (எஸ்.எஃப்.ஐ.) மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியை ஒட்டி இயங்கும் மாணவர் அமைப்பு. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது, 1936இல் லக்னோவில் தொடங்கப்பட்ட அனைத்திந்திய மாணவர் பெருமன்றம் பழைய கட்சியோடு நின்றது. மார்க்சிஸ்டுகளின் பக்கம் சாய்ந்த மாநில அமைப்புகள் 1970 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கூடி இச்சங்கத்தை நிறுவின. கேரளத்தின் சி. பாஸ்கரன் தலைவரானார், வங்கத்தின் பிமன் போஸ் பொதுச் செயலாளர். சங்கத்தின் பலம் இன்றும் பெரும்பாலும் அந்த இரு மாநிலங்களில்தான்.

ஏட்டளவில் இது கட்சி சாராத அமைப்பு. ஆனால் கட்சியின் பொதுச் செயலாளர்களாக அடுத்தடுத்து வந்த பிரகாஷ் காரத், சீதாராம் யெச்சூரி, 2025இல் மதுரை மாநாட்டில் தேர்வான எம்.ஏ. பேபி ஆகிய மூவருமே சங்கத்தின் அகில இந்தியத் தலைவர்களாக இருந்தவர்கள்.

செல்வாக்கு முற்றிய இடங்களில் சங்கத்துக்குச் சிக்கல் உள்ளிருந்தே வந்தது. வங்கத்தில் இடது முன்னணியின் 34 ஆண்டு ஆட்சி 2011இல் முடிந்ததும், கல்லூரி மாணவர் பேரவைகள் பலவும், ஆட்சியைப் பிடித்த திரிணாமூல் காங்கிரஸின் மாணவர் அணிக்குக் கைமாறின. ஆட்சியின் நிழலில் வளர்ந்த பலம் வேறெப்படிப் போகும்? 2019 ஜூலையில் திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி கல்லூரியில் சங்கத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவரையே கத்தியால் குத்தியதாகக் கிளைப் பொறுப்பாளர்கள் கைதாயினர். கிளை கலைக்கப்பட்டது. கைதானவர்களில் ஒருவர் காவலர் தேர்வுப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது தெரியவந்து தனி விசாரணை நடந்தது.

கொள்கை அடிப்படையிலான பிளவு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. 2012 குடியரசுத் தலைவர் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் பிரணாப் முகர்ஜியைக் கட்சி ஆதரிக்க, அங்குள்ள கிளை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம் கட்சி முடிவைப் பற்றியது. நடவடிக்கை எடுத்ததோ 'சுயேச்சையான' சங்கத்தின் டெல்லி மாநிலக் குழு. கிளை கலைக்கப்பட்டது, முன்னின்றவர்கள் நீக்கப்பட்டனர். கலைக்கப்பட்டவர்கள் எஸ்.எஃப்.ஐ.-ஜேஎன்யு என்ற பெயரில் அதே ஆண்டு பல்கலைக்கழக மாணவர் பேரவைத் தேர்தலில் நின்றார்கள். அவர்களின் வேட்பாளர் வி. லெனின்குமார் தலைவர் பதவியை வென்றார்.

அந்த அணி பின்னர் ஜனநாயக மாணவர் கூட்டமைப்பு (டி.எஸ்.எஃப்.) ஆனது. 2017இல் பேரவைத் தேர்தலுக்காக இடதுசாரி மாணவர் அமைப்புகள் கூட்டணி சேர்ந்தபோது பழைய சங்கமும் அதிலிருந்து பிரிந்தவர்களும் ஒரே அணியில் நின்றனர். 2019இல் சங்கத்தின் ஆயிஷி கோஷ் பேரவைத் தலைவராக வெல்ல, துணைத் தலைவர் பதவி டி.எஸ்.எஃப். அமைப்பின் சாகேத் மூனுக்குப் போயிற்று.